பதினேழாம் நம்பர் ஸ்பேனர்

கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இருதயராஜ் வெளிநாட்டுக் கார் ஒன்றை வாங்கி வந்த நாளிலிருந்து, அவருடைய பதினேழாம் நம்பர் ஸ்பேனருக்கு முகமே சரியில்லை. சும்மாவா? தொழிற்சங்கக் கொடியில் இருப்பதே ஒரு ஸ்பேனர் படம்தான். மகளின் சக்கர நாற்காலியை மடக்காமல் ஏற்றுகிற மாதிரி வண்டி நம் தொழிற்சாலையில் செய்வதில்லை என்று பெட்டியில் பக்கத்தில் கிடந்த சுத்தியல் எடுத்துச் சொல்லியும் அது கேட்கவில்லை.

"அந்த வண்டியில நான் வாய் வைக்க மாட்டேன்," என்றது. "வெச்சாலும் பொருந்தாது."

ஒருநாள் சங்க ஆபீஸ் வாசலிலேயே டயர் பஞ்சர். இருதயராஜ் குனிந்த தலை நிமிராமல் ஸ்பேனரை எடுத்துச் சக்கரத்து நட்டில் மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. ஸ்பேனருக்கு மானம் போயிற்று. திரும்பாமல் முறுக்கிக்கொண்டு நின்றது.

"கோபமாண்ணே?" என்றது நட்டு. "எங்க ஊரு தொழிற்சாலையில என்னை முடுக்கின அக்காவும் இப்படித்தான் விறைப்பா நின்னாங்க. கையில கறுப்புப் பட்டை கட்டியிருந்தாங்க."

ஸ்பேனர் திடுக்கிட்டது. போன மாதம் இருதயராஜும் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டுதான் வேலை பார்த்தார்.

"எதுக்காம்?"

"சாப்பாட்டு நேரத்தைக் குறைச்சுட்டாங்களாம்."

"கேட்டது கிடைச்சுதா?"

"தெரியலண்ணே. அதுக்குள்ள என்னைக் கப்பல்ல ஏத்திட்டாங்க."

ஸ்பேனர் முறுக்கை விட்டது. பிறகு மெல்லத் திரும்பியது. மாற்றுச் சக்கரத்தை மாட்டியதும், அந்த நட்டை அசையாதபடி முடுக்கிவிட்டது.

பெட்டிக்குத் திரும்பியதும் சுத்தியல் கேட்டது: "எப்படி, அந்த வெளிநாட்டுக்காரன்?"

"யாரு?" என்றது ஸ்பேனர். "அது நம்ம ஆளுப்பா."