மன்னித்ததற்குக் காணிக்கை

வேதக்கோயிலில் சபையார் முன்னால் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்த பிறகு, மாப்பிள்ளையின் அப்பா மாசிலாமணி சம்பந்தத்தை முறித்துக்கொண்டார். பெண்ணின் அம்மா எஸ்தர்பாய் சண்டைக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறு காணிக்கைக் கவரின்மேல் காரணத்தை எழுதிப் போட்டாள். கவரின்மேல் எழுதியிருப்பதை வாசிப்பது சபை வழக்கம் என்பதால் போதகர் தயங்கித் தயங்கி வாசித்தார்.

"ஓலை வாசித்த பின் என் மகள் பெனினாவை வேண்டாமென்ற மாசிலாமணியை மன்னிக்கக் கிருபை தந்ததற்காக, ஸ்தோத்திரக் காணிக்கை."

ஞாயிறுதோறும் அதே கவர், அதே வாசகம். முன்வரிசையில் இருந்த மாசிலாமணி பின்வரிசைக்குப் போனார், பிறகு வாசலோரத்துக்கு. கடைசியில் வீடு தேடி வந்து நின்றார்.

"நான் செஞ்சது தப்புதான். போதும், நிறுத்திரும்மா."

"உங்கள மன்னிச்சிட்டேனே அண்ணாச்சி. அதுக்கு ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டாமா?"

அவர் பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போக ஆரம்பித்துவிட்டதாகச் சேதி வந்தது. ஞாயிறு காலையில் எஸ்தர்பாய் பட்டுச்சேலை உடுத்தி, கவரைப் பைக்குள் வைத்து, மகளை எழுப்பினாள்.

"எந்திரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"அங்க நான் எதுக்கும்மா?"

"அந்த ஊர்ல உன்னை யாருக்கும் தெரியாதுல்லா. வாசிக்கும்போது என் பக்கத்துல எந்திரிச்சு நில்லு."