படம் சரிவரல்ல

“இன்னுமா எடுக்கிறாய்?”

திரைக்கு வெளியே நின்று கத்தினார் கச்சிமுகம்மது. தங்கச்சி மகள் ஸப்னாவைப் பாஸ்போட் படமெடுக்க அவர்தான் கூட்டி வந்திருந்தார். வெளிநாட்டில் வீட்டு வேலை. ஏஜென்டின் வேன் ரோட்டில் உறுமிக்கொண்டு நின்றது.

ஸ்டூடியோக்காரி பஸ்மினா பிரிண்டை நீட்டினாள்.

“ஃபோக்கஸ் இல்ல காக்கா. மங்கலா வந்திருக்கு.”

“முதல்ல எடுத்தது?”

“பின்னால நிழல் விழுந்திட்டு. திருப்பி அனுப்பிருவாங்க.”

“அதுக்குப் பிறகு எடுத்தது?”

“பிளாஷ் கூடி முகம் வெளிறிப் போச்சு.”

“படமெடுக்கத் தெரியாதவளுக்குக் கடை என்னத்துக்கு?”

வேன் ஹோன் அடித்தது. உள்ளிருந்து ஏஜென்ட் கத்தினான்.

“நேரமாகுது காக்கா! படம் இல்லாட்டி இந்த முறை இவட பேர் இல்ல!”

கச்சிமுகம்மது ரோட்டை எட்டிப் பார்த்தார். ஜும்ஆத் தொழுகைக்காக மற்றக் கடைகளின் ஷட்டர்கள் இறங்கிவிட்டிருந்தன. தன் பழைய போனை எடுத்தார்.

“நானே எடுக்கிறன்.”

“எடுங்க. அதில பிக்சல் காணாது. பிரிண்ட் போட்டா முகம் கட்டம் கட்டமா உடைஞ்சி வரும்.”

உட்கார்ந்தார். எழும்பினார். வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தார்.

“இன்னொருக்கா எடு. கெதியா!”

பிளாஷ் மின்னியது. பிரிண்டர் மெல்ல மெல்லப் படத்தைத் தள்ளியது. ஸப்னாவின் முகம் பனிக்குள் நிற்பதுபோல் இருந்தது.

வேன் போய்விட்டது.

படத்தைக் கிழித்தெறிந்தார் கச்சிமுகம்மது.

“ஒன்னால ஒரு குமர்ப்பிள்ளட வாழ்க்கையே போச்சு!”

ஏஜென்டுக்குப் போன் எடுத்தபடி ரோட்டுக்கு ஓடினார்.

திரைக்குள் ஸப்னா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“வாப்பா எப்ப கடலால வருவார்?” என்று கேட்டாள் பஸ்மினா.

“நாளைக்குக் காலையில ஒலுவில் துறைக்கு போட் வந்திரும். அவருக்குத் தெரியாம அனுப்பத்தான் மாமா இவ்வளவு அவசரப்படுறார். வாப்பா வந்தா என்ன அனுப்ப விடமாட்டார், ராத்தா.”

கதிரையில் உட்கார்ந்தவுடனேயே, ‘எனக்குப் போக விருப்பமில்ல, படம் எடுக்காதீங்க’ என்று காதுக்குள் கெஞ்சிய பிள்ளை அவள்.

பஸ்மினா லென்ஸை, தான் வேண்டுமென்றே திருப்பி வைத்திருந்த இடத்திலிருந்து சரியாக்கினாள்.

“பயப்படாத. மாமா விடியச் சாமத்தில வந்து நின்டாலும், ஒங்கட வாப்பா கரைக்கு வரும்வரை இந்தக் கமெரா பழுதுதான்.”