அம்சவேணியின் பூச்சி

மாலை நாலு பத்துக்குப் பூச்சியின் பெயர் மட்டும்தான் பாக்கி. ஐந்து மணிக்குள் கட்டுரையை அனுப்பியாக வேண்டும். தவறினால் சங்கீதாவின் முனைவர் பட்டம் ஓராண்டு தள்ளிப்போகும்.

செவிலிமேட்டில் கதிர்வேலின் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். கீழே அவருடைய நூல் சாயப்பட்டறை. அதன் பின்னால் ஓர் ஆமணக்குச் செடி. ஞாயிறு காலை அந்தத் தத்துப்பூச்சியை அதில்தான் பிடித்தாள்.

அரிசியைவிடச் சிறியது. உடம்பெல்லாம் பச்சை, தலையில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத கோடு.

"இது பெண் பூச்சி. ஆண் கிடைச்சாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்" என்றார் வழிகாட்டி, போனில்.

"கோடு இருக்கே சார்."

"உன் பொறுப்பு" என்று வைத்துவிட்டார்.

மடிக்கணினியோடு கீழே இறங்கினாள். கதிர்வேலின் மனைவி அம்சவேணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, புதுப் பூச்சிக்கு உங்க பேரு வெக்கப் போறேன்."

"பூச்சிக்கா? உனக்கு இன்னாமா பாவம் செஞ்சேன்?"

"பெருமைதான் அக்கா. உலகம் முழுக்க அந்தப் பேருலதான் கூப்பிடுவாங்க."

"இன்னா வேலை செய்யுது அது?"

"செடியில சாறு உறிஞ்சும்."

"அப்ப என் நாத்தனார் பேரை வெய்யி. காவேரி. பொருத்தமா இருக்கும்."

டீ குடிக்க வந்த கதிர்வேல் வாசலிலேயே நின்றார். "என் தங்கச்சிய இழுக்கலன்னா உனக்குத் தூக்கம் வராதே."

"நீயே சொல்லுய்யா, யாரு பேரு வெக்கலாம்?"

"பொறந்த கொழந்தை மூஞ்சியப் பாக்காம பேரு வெப்பாங்களா? எடுத்துக்கினு வாம்மா, பாக்கலாம்."

சங்கீதா மாடிக்கு ஓடிப்போய்ப் பெட்டியையும் உருப்பெருக்கியையும் கொண்டுவந்தாள். பூச்சியைச் சிறு அட்டைத் துண்டில் ஒட்டி, ஊசியில் நிறுத்தியிருந்தாள்.

"தொட்டுடாதீங்கண்ணா. பிடிச்ச நாள்லேருந்து ஒரு சொட்டுத் தண்ணி படாம வெச்சிருக்கேன்."

"ஒடஞ்சிடுமா?"

"கால் கழண்டுடும். உலகத்துக்கே இது ஒண்ணுதான்."

கதிர்வேல் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பெட்டியை வாங்கினார். உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இன்னாய்யா, பொண்ணு பாக்கறாப்புல பாக்கற? அழகா இருக்குதா?"

"இருடி."

மணி நாலு ஐம்பத்தாறு. "அக்கா பேருதான். முடிவு பண்ணிட்டேன்" என்றாள் சங்கீதா. காலியாக இருந்த இடத்தில் அம்சவேணியின் பெயரைத் தட்டினாள். அனுப்பினாள்.

கட்டுரை வந்து சேர்ந்ததாக உடனே பதில் வந்தது. அம்சவேணி கீரையைத் தள்ளி வைத்துவிட்டு சங்கீதாவின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"கேட்டியாய்யா? நான் உலகம் பூரா போயிட்டேன்."

கதிர்வேல் உருப்பெருக்கியை இறக்கவில்லை. பூச்சியை இன்னொரு பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"சனிக்கிழமை சாயத்தொட்டியிலேருந்து தூக்கி நூலை உதறுனேன், அதுல தெறிச்ச அரக்குச் சாயம் இந்தக் கோடு. அலசிப் பாத்தியாம்மா?"