முப்பது ராத்தல்

"கருவாடு எனக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதாம்மா?"

வெங்கடப்பன் பொட்டலத்தை மோந்து பார்த்து ஒதுக்கினான். கெம்பம்மா அதை எடுத்து மறுபடி பைக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை சூளகிரியில் பஸ் ஏற வேண்டும். பெங்களூரிலிருந்து பட்டாளத்தோடு பம்பாய். அங்கிருந்து கப்பலில் எகிப்து. ஐ.நா. சபைக்காகப் பாலைவனத்தில் கூடாரம் போட்டு ஒரு வருஷம் எல்லைக் காவல். சொந்தச் சாமான் முப்பது ராத்தலுக்கு மேல் கூடாது.

அவன் கேட்டது கேழ்வரகு மாவு, புளி, மிளகாய்ப் பொடி. அதோடு அவளாகச் சேர்த்துக் கட்டியிருந்தது கருவாடு, எள்ளுருண்டை, வறுத்த கொள்ளு, புகையிலை.

"புகையிலை யாருக்கும்மா? எனக்குப் பழக்கமே இல்லையே."

"ஒட்டகத்துக்கா இருக்கும்ண்ணா," என்றாள் தங்கை மங்கம்மா. சொல்லிக்கொண்டே எள்ளுருண்டைக்குக் கை நீட்டினாள். கெம்பம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"எச்சில் பண்ணாதடி."

"வெல்லம் பத்தலன்னா? நீயாச்சும் ருசி பாத்தியா?"

"பாக்கல."

பையின் வாயைப் பிடித்தபடி அவள் மகனைப் பார்த்தாள். "அங்க மரமே கிடையாதாமே."

"கிடையாது. நாள் முழுக்க லாரில போனாலும் மணல்தானாம். வானம் தரை வரைக்கும் இறங்கி நிக்குமாம். முதல் நாள் பாத்தவங்களுக்குப் பேச்சே வரலியாம்."

"மழை?"

"பேருக்குக்கூட இல்ல."

கெம்பம்மா வாசலுக்கு வெளியே பார்த்தாள். கேழ்வரகுக் கொல்லை, அதற்கப்பால் பாறைக் குன்று. அத்தனையையும் மணல் மூடிவிட்டதுபோல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்தடிச்சா மணல்மேடு இடம் மாறிடுமாமே. அப்ப ஒரு இடத்தை எப்படிடா அடையாளம் கண்டுபிடிக்கிறது?"

"கல்லு நட்டிருப்பாங்க."

"கல்லு நட்டிருப்பாங்களா?"

"நட்டிருப்பாங்கம்மா. இப்ப எடையைப் பாரு. மாவு இருக்கணும்னா இதையெல்லாம் எடுத்தாகணும்."

"மாவை எடுத்துடு."

"நான் என்னத்தத் துன்றது?"

"பட்டாளத்துல சோறு போடுவாங்க இல்ல?"

மங்கம்மா சிரித்தாள். வெங்கடப்பனுக்குக் கோபம் வந்தது. எனக்குப் பிடிக்காததாகப் பார்த்து ஏன் கட்டுகிறாள்? கருவாட்டை எடுத்து வெளியே வைத்தான். புகையிலையையும் எடுத்தான். எள்ளுருண்டைமேல் கை வைத்தபோது கெம்பம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி வலித்தது.

பிறகு எழுந்து போய்த் தகரப் பெட்டியின் அடியிலிருந்து நாலாய் மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். பழுப்பேறிய இங்கிலீஷ் தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வந்த அன்று தபால்காரர் படித்துச் சொன்னதோடு சரி.

வெங்கடப்பன் விரித்தான். அப்பாவின் பெயர் இருந்தது. சண்டையில் செத்தார் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். எந்த ஊர்ச் சண்டை என்று கேட்டதில்லை. தேதி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு. அதன் கீழே ஊர். எகிப்து.

அவன் மாவுப் பையை எடுத்து வெளியே வைத்தான்.

"அவரு மண்ணு இருக்கிற இடம் தெரியாம இங்க எப்படிப் படைக்கிறதுன்னு பதினஞ்சு வருசமா விட்டுட்டேன்," என்றாள் கெம்பம்மா, கருவாட்டை உள்ளே வைத்தபடி. "கல்லு நட்டிருப்பாங்கன்னு நீதானே சொன்ன. அதுக்கு முன்னால வை."