மூணாவது பேட்ச்

குதிரை மேல ஏறி உட்கார்ந்ததும் அவர் முதல்ல பார்த்தது தன்னோட இடது பக்கத்தை.

அந்தப் பக்கம்தான் மக வந்து நிக்கணும்.

இந்தக் குதிரையேற்றப் பள்ளியோட மூணாவது பேட்ச்ல தனித்தனியா ஓட்டுறது கிடையாது. ரெண்டு ரெண்டு குதிரையா, முழங்காலோட முழங்கால் உரசுற மாதிரி மைதானத்தைச் சுத்தி வரணும். புதுசா வர்ற ஆளை, இருக்கிறதுலயே நல்லா ஓட்டுற ஆளோட சேர்த்துவிடுறது மாஸ்டரோட வழக்கம்.

இருக்கிறதுலயே நல்லா ஓட்டுறவ அவரோட மகதான்.

இந்த ஒரு வழக்கத்தை நம்பித்தான் நம்ம மருந்துக்கடைக்காரர் ஐம்பது வயசுல குதிரை ஏறினாரு.

மகளுக்குப் பதினேழு வயசு. அப்பாகிட்ட பேசி ரெண்டு வருஷம் ஆச்சு.

குத்தம் அவர் மேலதான். ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கிட்டு, வேற ஒருத்தியோட இருக்கப் போறேன்னு வீட்டை விட்டுக் கிளம்பிட்டாரு. ஏழே மாசத்துல புத்தி வந்து திரும்பினாரு. வீட்டுக்காரம்மா வாசக் கதவையாவது திறந்தாங்க. மக தன்னோட ரூம் கதவைத் திறக்கவே இல்லை. அதுல இருந்து கடைக்கு மேல இருக்கிற ஒத்த ரூம்லதான் அவருக்குப் படுக்கை.

போன் பண்ணா எடுக்க மாட்டா. ஸ்கூல் வாசல்ல போய் நின்னா பின்பக்கமா போயிடுவா. சனிக்கிழமை காலையில மட்டும் இங்க இருப்பா, அது அவருக்குத் தெரியும். கொஞ்ச நாள் வேலிக்கு வெளிய நின்னு பார்த்தாரு.

வெளிய நிக்கிறவன் யாரோ ஒருத்தன்தானே. அதனால பணத்தைக் கட்டி உள்ள வந்துட்டாரு.

முதல் பேட்ச் பூரா ஏழு வயசு, எட்டு வயசு வாண்டுங்க. குதிரையை ஒரு ஆள் கயித்துல பிடிச்சு நடத்திக்கிட்டுப் போவாரு, மேல இருக்கிறவங்க விழாம இருந்தாப் போதும். அதுக்கே மனுஷனுக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துது.

"அங்கிள், குதிரை மேல உட்காரணும். கட்டிப் பிடிச்சுத் தூங்கக் கூடாது"ன்னுச்சு பல்லு விழுந்த ஒரு வாண்டு. மாஸ்டர் அந்தப் பக்கமா திரும்பி நின்னுக்கிட்டாரு.

ரெண்டாவது பேட்ச்ல குதிரை குதிச்சுக் குதிச்சு ஓடும். அந்தக் குதிப்புக்கு ஏத்த மாதிரி எழுந்து எழுந்து உட்காரணும். இவர் எழுந்தா குதிரை இறங்கும், இவர் உட்கார்ந்தா குதிரை ஏறும். கடையில இருந்த வலித் தைலத்துல பாதி அவர் தொடைக்கே போச்சு. ரெண்டு தடவை விழுந்தாரு. பரீட்சையில ஒரு தடவை பெயிலும் ஆனாரு.

மொத்தம் பதினாலு மாசம்.

போன சனிக்கிழமை மறுபடியும் பரீட்சை. பாதிச் சுத்துல தலையைத் தூக்கினப்ப, மக வேலி ஓரமா நிக்கிறதைப் பார்த்தாரு.

எப்பவும் அவர் மைதானத்துக்கு வந்தாலே லாயத்துக்குள்ள போயிடுறவ. அன்னிக்குப் போகலை. கடைசிச் சுத்து முடியுற வரைக்கும், கண்ணை எடுக்காமப் பார்த்துக்கிட்டே நின்னா.

அதுலதான் பாஸ் ஆனேன்னு அவருக்கு ஒரு நினைப்பு. வாரம் பூரா மனுஷனுக்குக் கால் தரையில பாவலை. இருமல் மருந்து கேட்டு வந்தவரைப் பத்து நிமிஷம் நிக்க வச்சு, குதிரை மேல முதுகை எப்படி நேரா வச்சுக்கணும்னு சொல்லிக் கொடுத்தாரு. மருந்து கொடுக்க மறந்துட்டாரு.

இப்ப மத்த ஆறு பேரும் ஜோடி ஜோடியா நின்னாச்சு. அவரோட இடது பக்கம் மட்டும் காலி.

அவர் காலரை இழுத்து விட்டுக்கிட்டாரு. என்ன பேசுறதுன்னு எதுவும் யோசிச்சு வச்சுக்கலை. ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா பக்கத்துல ஓட்டிக்கிட்டுப் போனாப் போதும்.

மாஸ்டர் தன் குதிரையை நடத்திக் கூட்டிக்கிட்டு வந்தாரு. முகத்தை நிமிர்ந்து பார்க்காம, இவர் குதிரையோட கழுத்தைத் தட்டிக் கொடுத்தாரு.

"சார், இன்னிக்கு நான் உங்க கூட வர்றேன்."

"பாப்பா வரலையா மாஸ்டர்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"வந்திருக்கா சார். போன வாரம் நீங்க பாஸுன்னு நான் சொன்ன உடனே ஆபீஸ் ரூமுக்கு வந்தா. என்னை முதல் பேட்ச்ல போட்டுடுங்க மாஸ்டர்னு ஒரே பிடிவாதம். மேல ஏத்தி விடுங்கன்னு அழுதவங்களை நிறையப் பார்த்திருக்கேன் சார். கீழ இறக்கி விடுங்கன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து கேட்டதில்லை."

அவர் திரும்பிப் பார்த்தாரு.

பக்கத்து வேலிக்குள்ள, வாண்டுங்களுக்கு நடுவுல அவ. இருக்கிறதுலயே குட்டிக் குதிரை. காலு ரெண்டும் தரைக்கு ஒரு சாண் மேல தொங்குது. யாரோ கயித்தைப் பிடிச்சு நடத்திக்கிட்டுப் போறாங்க. ஆள் உயரத் தடையை எல்லாம் தாண்டினவ, கடிவாளத்தைக்கூடத் தொடாம, கையைத் தொடை மேல வச்சுக்கிட்டு, இன்னிக்குத்தான் சேர்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கா.

போன வாரம் அவ ஏன் கண்ணை எடுக்காம நின்னான்னு அவருக்கு இப்பப் புரிஞ்சுது.

பின்னாடி வந்த வாண்டு அவகிட்ட ஏதோ கேட்டுச்சு. அவ திரும்பி ஏதோ சொன்னா. சொல்லிட்டு, வாய்விட்டுச் சிரிச்சா.

மாஸ்டர் விசில் ஊதினாரு. முன்னாடி இருந்த ஜோடிங்க நகர ஆரம்பிச்சுது. இவர் குதிரையும் ஒரு அடி எடுத்து வச்சுது.

அவர் கடிவாளத்தை இறுக்கி இழுத்துப் பிடிச்சுக்கிட்டாரு. குளம்புச் சத்தத்துல அந்தச் சிரிப்பு கேட்காமப் போயிடக் கூடாதேன்னு.