வந்து சேராத மூன்று கடிதங்கள்

அவனுடைய டோக்கன் நம்பர் திரையில் வந்து, மணியடித்து, போயும்விட்டது. அவன் எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த சீட்டு வியர்வையில் நனைந்து திரித்திரியாகியிருந்தது.

"தம்பி, அது உன் நம்பர்தானே? போகலையா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்தான் கேட்டாள். நாற்பது வயதிருக்கும். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளிறியிருந்தது.

"போகணும்க்கா. போய் என்ன சொல்றதுன்னுதான் தெரியல."

"அபராத ஆபீசுக்கு இதான் மொத தடவையா?"

தலையாட்டினான்.

"எனக்கும்தான். எத்தனை லெட்டர் வந்துச்சு உன் கைக்கு?"

"மூணுக்கா."

"வந்துமா சும்மா இருந்த? நல்ல ஆளுப்பா நீ! எனக்கும் மூணு அனுப்புனாங்களாம். ஒண்ணைக்கூட நான் கண்ணால பாக்கல."

அவன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டான். அவள் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தாள். லாண்டரி வைத்திருக்கிறாள். லாட்ஜ் வாசலில், வண்டி நிறுத்தக் கூடாத இடத்தில் வேனைப் போட்டுப் படுக்கை விரிப்புகளை இறக்கிய பத்து நிமிஷத்தில் யாரோ படம் பிடித்துவிட்டார்கள்.

"அப்பவே தெரிஞ்சிருந்தா அபராதம் இந்த ஊர்க் காசுல அறுபதோட முடிஞ்சிருக்கும். இப்ப எழுநூத்துச் சொச்சம். போன வாரம் நேரா வந்து கேட்டுல செவப்புத் தாளை ஒட்டிட்டுப் போயிட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டலைன்னா வேனைத் தூக்கிருவாங்களாம். வேன் போச்சுன்னா நான் துணியைத் தலையில வெச்சுக்கிட்டா சுத்துறது? பொண்ணு வேற காலேஜ்ல இப்பத்தான் சேந்திருக்கா."

"லெட்டரை வேற யாராச்சும் எடுத்திருப்பாங்களோ?" என்றான், குரல் இறங்கி.

"யாரு எடுப்பா? என் லெட்டர் பெட்டி பின்பக்கம் படிக்கட்டுக்குக் கீழ இருக்கு. ஹவுஸ் ஓனர் தன்னோட நாயை அங்கதான் கட்டிப் போட்டிருக்காரு. எமனே வந்தாலும் கேட்டுக்கு வெளியில நின்னுதான் என் பேரைக் கூப்பிடணும்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"மனு எழுதிட்டீங்களாக்கா?"

"இந்த ஊரு பாஷை பேசிருவேன். எழுதச் சொன்னா கை வராது."

அவன் போனை எடுத்துச் சுவரில் ஒட்டியிருந்த க்யூஆர் கட்டத்தைப் படம் பிடித்தான். மனுப் படிவம் திறந்தது. மளமளவென்று நிரப்பினான்.

"அட்ரஸ் சொல்லட்டா? பன்னெண்டாம்..."

"போட்டுட்டேன்க்கா."

"அட, வேகம்தான்!" என்றாள். சிவப்புத் தாள் நாலாக மடித்தபடி அவள் பைக்குள்ளேயே இருந்தது.

காரணம் எழுதும் இடம் வந்ததும் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசினான். பேசப் பேச எழுத்து விழுந்தது. அவள் எட்டிப் பார்த்து, "என்ன எழுதுற, படிச்சுச் சொல்லு" என்றாள்.

"கடிதங்கள் இவங்களுக்கு வந்து சேரல. இதுல இவங்க தப்பு எதுவும் இல்ல. தப்பு முழுக்க என்னோடது..."

"டேய் தம்பி! என் மனுவுல உன் கதையை எதுக்குச் சேக்கற?"

"வாய் தவறிடுச்சுக்கா." கடைசி வரியை அழித்தான்.

"மனசு பூரா உன் லெட்டர்லயே இருக்கு. ஆமா, என்ன வேலை பாக்கற?"

"வீடு வீடா போற வேலைக்கா."

"சாப்பாடு டெலிவரியா?"

"அந்த மாதிரிதான். ரெண்டு மாசத்துல நிரந்தரம் பண்ணிருவாங்க. அதுக்கப்புறம்தான் அம்மாவைக் கூட்டிட்டு வர முடியும். தினமும் போன்ல நாள் எண்ணிட்டு இருக்காங்க."

"அப்ப எந்த வம்புலயும் மாட்டிக்காதே சாமி. உன் விஷயத்தையும் இன்னைக்கே முடிச்சிரு."

"அதுக்குத்தான்க்கா வந்தேன்."

அவள் நம்பர் வந்தது. "துணைக்கு வாயேன், உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கவுன்ட்டரில் இருந்த அதிகாரியம்மாள் மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"மூணு லெட்டரையும் பெட்டியில போட்டாச்சுன்னு கம்ப்யூட்டர்ல தேதியோட இருக்கும்மா."

"சத்தியமா வரல மேடம்."

"சத்தியத்தை நான் எந்தக் கட்டத்துல ஏத்துறது? எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

"வேற வழியே இல்லையா?" இதைக் கேட்டது அவன்.

"ஒண்ணு இருக்கு. அந்தத் தெருவுக்குத் தபால் போடுறவர் வந்து, 'நான் போடல, போட்டதா பொய்யாப் பதிஞ்சுட்டேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். குடுத்தா கூடுதல் அத்தனையும் தள்ளுபடி. அறுபதைக் கட்டிட்டுப் போயிட்டே இருக்கலாம். ஆனா அந்த ஆளுக்கு வேலை போயிரும்."

அந்தப் பெண் கசப்பாகச் சிரித்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "விடுங்க மேடம். தன் வேலைக்குத் தானே வேட்டு வெச்சுக்க எந்த மடையன் வருவான்? வா தம்பி, போலாம்."

அவன் நகரவில்லை. கவுன்ட்டரில் நூல் கட்டித் தொங்கிய பேனாவை எடுத்தான். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணாடித் தடுப்பையே பார்த்துச் சொன்னான்.

"அந்த மடையன் நான்தான் மேடம். எங்க கையெழுத்துப் போடணும்?"