உங்களுக்கு நாளைக்கு!

"சின்னப் புள்ளைங்களைப் பார்க்க வெச்சுத் தின்ன மனுஷன். அவருக்கு நான் சோறு போடணுமா?"

சிப்பி ஓட்டல்காரர் தங்கையிடம் எரிந்து விழுந்தார். மதியக் கூட்டம் வருவதற்குள் சமையலறையில் தலைக்கு மேல் வேலை. இந்த நேரம் பார்த்தா வந்து நிற்பாள், தனியாக இருக்கும் அப்பாவை உன்னோடு வைத்துக்கொள் என்று?

"எங்க மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்கண்ணே. இல்லேன்னா உன்கிட்ட வந்து கெஞ்சுவேனா? அப்பாவுக்கு உன்னை விட்டா யாரு?"

"நான் எதையும் மறக்கலை. கடல்ல இறங்கி மூட்டை நிறையச் சிப்பி எடுத்துட்டு வருவாரு. நாம நாக்கைத் தொங்கப் போட்டுட்டு சுத்தி உட்காருவோம். அவர் பாட்டுக்கு ஓட்டைத் திறந்து பச்சையா உள்ள தள்ளுவாரு. நமக்கு?"

"'உங்களுக்கு நாளைக்கு!'ம்பாரு." தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் ஒருநாள் காலி ஓட்டை நக்கப் போனேன். அதையும் பிடுங்கி வீசிட்டாரே!"

அவரும் சிரித்துவிட்டார். உப்புக் காற்று அடிக்கிற அந்தப் பின்வாசல், சொட்டச் சொட்ட ஈர மூட்டை, முட்டி மோதிக்கொண்டு உட்கார்ந்த அண்ணனும் தங்கையும். அந்த நாளெல்லாம் இனி எங்கே வரப்போகிறது? நெஞ்சு ஏங்கியது. ஏக்கத்தோடு பழைய கோபமும் சேர்ந்துகொண்டது.

"அவருக்குப் புதுசு, நமக்கு நேத்தையது. சில நாள் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு விடிய விடிய வெளிய ஓடுவாரே, ஞாபகம் இருக்கா? மறுநாள் மொத்த மூட்டையையும் கொட்டிட்டு வந்துடுவாரு. தனக்கு ஒத்துக்கலேன்னா பெத்த புள்ளைங்களுக்கும் கிடையாது. அப்படி ஒரு தங்கமான மனசு!"

போன் அடித்தது. எடுத்துக் கேட்டவர் தலையில் கை வைத்தார்.

"ஏம்பா, நேத்து வந்த சிப்பி அத்தனையும் குப்பைக்குப் போகட்டும். ஒண்ணைக்கூடத் திறக்காதே!" என்று சமையல்காரருக்குக் குரல் கொடுத்தார். "விப்ரியோவாம்."

"அது என்னண்ணே?"

"கடல் தண்ணி சூடானா பெருகுற கிருமி. சிப்பிக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். பச்சையாத் தின்னா ஆளையே சாய்ச்சுடும்."

"ஐயையோ! பார்த்தா தெரியாதா?"

"பார்த்தாலும் தெரியாது, மோந்தாலும் தெரியாது. அதான் மூட்டை வந்ததும் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்பிடுவேன். மறுநாள் அவங்க சரின்னாத்தான் தட்டுக்கு வரும். அதுவரைக்கும் என் புள்ளையே அழுதாலும் தரமாட்டேன்."

தங்கை அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"என்னடி?"

"நம்ம வீட்டுக்கு லேப் யாருண்ணே?"

ஓட்டல்காரர் அடுப்பை அணைத்துவிட்டுக் கால்சட்டைப் பையைத் தடவினார், அலமாரியைத் துழாவினார்.

"வா, அப்பாவைக் கூட்டிட்டு வரலாம். வண்டிச் சாவி எங்க இருக்குன்னு நீ கொஞ்சம் பாரும்மா. எனக்குக் கண்ணே தெரியமாட்டேங்குது."